மடியில் கனம்

முனைவர் பட்ட ஆய்வில் சேரும் மாணவர் முதல் ஆண்டில் வாங்கும் பொருள்களுள் விலை கூடியது பெரும்பாலும் மடிக்கணினிதான். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அந்த உதவித்தொகை கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்வோருக்கு நெடுங்காலமாக வழங்கப்பட்டுவருவது மாதம் 8,000 ரூபாய். இரு வகைத் தொகையும் எல்லா மாதமும் உரிய நாளில் வந்து சேர்வதில்லை என்பதை விடுதி உணவுக் கட்டணப் பாக்கிப் பட்டியலே சொல்லும். இந்த நிலையில் 60,000 ரூபாய் விலையுள்ள ஒரு கணினி என்பது, இரண்டாம் வகை மாணவருக்கு ஏழரை மாத வருவாய். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். பழமொழியில் வரும் கனம் பணம். ஆய்வு மாணவரின் மடியில் இருப்பதோ தவணைக் கடன்.

டெல்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை என எந்தக் கடைவீதிக்குப் போனாலும் முதல் கேள்வி "எவ்வளவுக்குள் வேண்டும்?" என்பதாகவே இருக்கும். என்ன வேலைக்கு என்ற கேள்வி வந்தால், "படிப்புக்குத்தான், சாதாரணப் பயன்பாடு" என்று மாணவர் தயங்கியபடி சொல்வார். அதன்பின் மேசைக்கு வருவது இரண்டில் ஒன்று: கடையிலேயே விலை குறைந்த கருவி, அல்லது "பின்னாளில் எதற்கும் உதவும்" என்ற பரிந்துரையோடு ஒரு விளையாட்டுக் கணினி. பெரும்பாலான மானுடவியல், சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்கு இரண்டுமே பொருந்தாதவை. தவறு கடைக்காரருடையது மட்டும் அன்று. 'சாதாரணப் பயன்பாடு' என்பதை மாணவரும் வரையறுத்துக்கொள்ளாமல் போவதே சிக்கலின் தொடக்கம்.

ஓர் ஆய்வாளரின் சாதாரண நாள் எப்படிப்பட்டது? இணைய உலாவியில் 20 பக்கங்கள் திறந்திருக்கும். ஒளிவருடல் செய்யப்பட்ட பழைய நூல் ஒன்று, 400 பக்கப் பிடிஎஃப் கோப்பாக ஒருபுறம். அடிக்குறிப்புகள் நிறைந்த இயல் மறுபுறம். மேற்கோள்களைத் தொகுக்க ஸொட்டெரோ போன்ற மென்பொருள். இடையில் நெறியாளருடன் காணொலிச் சந்திப்பு. இவற்றில் எதற்கும் தனி வரைகலை அட்டை தேவையில்லை. அதிவேகச் செயலியும் தேவையில்லை. ஆனால் இவை அனைத்தும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். இங்கே நெருக்கடிக்கு உள்ளாவது செயலியைவிட ரேம் எனப்படும் நினைவகம். ஆகவே சாதாரணப் பயன்பாடு என்பதை எளிய பயன்பாடு என்று புரிந்துகொள்வது பிழை. அது கனமற்ற வேலை; ஆனால் பல வேலை.

விளையாட்டுக் கணினியின் குறை எடையில் தொடங்குகிறது. 15.6 அங்குலத் திரையுடன் அது ஏறத்தாழ இரண்டேகால் கிலோ இருக்கும். செங்கல் போன்ற அதன் சார்ஜர் தனிச்சுமை. மின்கலம் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடுவதால், நூலகத்தில் மின்செருகி உள்ள மேசையைத் தேடி மாணவர் அலைய வேண்டும். விடுதி, துறை, நூலகம், ஆவணக் காப்பகம், பேருந்து என்று நாள்தோறும் இடம் மாறுபவருக்கு ஒரு கிலோ வேறுபாடு சிறிதன்று. சில வாரங்களில் கணினி விடுதி அறையிலேயே தங்கிவிடும். காப்பகத்தில் எடுக்க வேண்டிய குறிப்பு கைப்பேசிப் படங்களாகக் குவிந்து, பின்னர் படிக்கப்படாமலே கிடக்கும். கணிப்பொறியியல், படச்செயலாக்கம் போன்ற துறையினரின் தேவை வேறு. ஆனால் அவர்களிலும் பலருக்குக் கடுமையான கணக்கீடு துறையின் சர்வரில் நடக்கிறது; கையில் இருப்பது அதற்கான வாயில் மட்டுமே.

மலிவான கருவியின் குறை வேறு வகையானது. விண்டோஸ் 11 இயங்கக் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம் என்று மைக்ரோசாஃப்ட் வரையறுத்துள்ளது. அந்த வரம்பைத் தொட்டபடி சந்தைக்கு வரும் கருவிகளில் இயங்குதளம் நிமிர்ந்து உட்கார மட்டுமே இடம் இருக்கும், நடமாட இடமிராது. போதாக்குறைக்கு, இவற்றில் பலவற்றின் நினைவகமும் சேமிப்பகமும் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னாளில் கூட்டவோ மாற்றவோ முடியாது. சேமிப்பகம் எஸ்.எஸ்.டி.யாக இல்லாமல் வேகம் குறைந்த இ.எம்.எம்.சி.யாக இருப்பதும் வழக்கம். ஐந்து ஆண்டு ஆய்வுக்கு வாங்கிய கருவி இரண்டாம் ஆண்டிலேயே திணறத் தொடங்கினால், மிச்சப்படுத்திய தொகை மறுபடி வாங்குவதில் கரைந்துபோகும்.

சிறிய கணினியின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. 2007இல் ஏசூஸ் நிறுவனம் ஏழு அங்குலத் திரையுடன் ஈ பிசி என்ற கருவியை வெளியிட்டது. ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை, குறைந்த விலை. 'நெட்புக்' என்றொரு வகையே அதிலிருந்து பிறந்தது. சில ஆண்டுகளில் அவ்வகை மங்கியதற்கு டேப்லெட்டுகளின் வருகை ஒரு காரணம். விரல்கள் நெருக்கியடித்த விசைப்பலகையும் வலுக்குறைந்த உள்ளுறுப்புகளும் மற்றொரு காரணம். இந்தியாவில் 2011 அக்டோபரில் மாணவர்களுக்கென அறிமுகமான ஆகாஷ் டேப்லெட், 256 எம்பி நினைவகத்துடனும் தொடுதலுக்கு எளிதில் இணங்காத திரையுடனும் வந்தது. விலையைக் குறைப்பதில் காட்டிய அக்கறை, அதை வைத்துக்கொண்டு மாணவர் என்ன செய்வார் என்பதில் காட்டப்படவில்லை. அளவு சிறிதாகலாம், எழுதும் இடமும் நினைவகமும் சிறிதாகக் கூடாது.

எனவே தேர்வின் வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முதலில் எடை: சார்ஜரோடு சேர்த்து ஒன்றரை கிலோவை ஒட்டி இருப்பது நன்று. அடுத்தது விசைப்பலகை: ஆய்வேடு முழுவதும் இதன் வழியாகவே பிறக்கப்போகிறது, கடையில் நின்றபடியேனும் ஒரு பத்தி தட்டெழுதிப் பார்க்காமல் வாங்குவது செருப்பை அணிந்து பார்க்காமல் வாங்குவதைப் போன்றது. மூன்றாவது திரை: 13 அல்லது 14 அங்குலம், குறைந்தது 1920க்கு 1080 புள்ளிகள். உயரம் சற்றுக் கூடிய 16:10 விகிதத் திரை கிடைத்தால் பிடிஎஃப் பக்கத்தில் கூடுதல் வரிகள் தெரியும். நான்காவது நினைவகம்: 8 ஜிபி இன்றைய அடித்தளம், 16 ஜிபி நிம்மதி. ஆப்பிள் நிறுவனமே 2024 அக்டோபரில் தன் மேக் கணினிகளின் தொடக்க அளவை 8இலிருந்து 16 ஜிபியாக உயர்த்தியது. ஐந்தாவது டைப்-சி வழி மின்னேற்றம்: சார்ஜர் பழுதானால் அறை நண்பரின் சார்ஜர் கைகொடுக்கும். செயலியின் பெயர் இவற்றுக்கெல்லாம் பின்னால் வர வேண்டியது.

இவை அனைத்தையும் புதிய கருவியில் பெறப் பணம் போதாதவர்களுக்கு, நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த வணிகவகை மடிக்கணினிகள் நல்ல வழி. உறுதியான உடல், தரமான விசைப்பலகை, எளிதில் கிடைக்கும் உதிரிப்பாகங்கள் ஆகியவை இவற்றின் வலிமை. ஆனால் இப்போது கூடுதல் கவனம் தேவை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெல் செயலி உள்ளவற்றில், மிகச் சில விலக்குகள் நீங்கலாக, 8ஆம் தலைமுறை முதலே விண்டோஸ் 11க்கு ஏற்பு உண்டு. அதற்கு முந்தைய கருவிகள் இனி அதிகமாகச் சந்தைக்கு வரும், விலை கவரும். லினக்ஸ் பழகியவருக்கு அவை இன்னும் பயன்படும். மற்றவர் தவிர்ப்பதே நல்லது. வாங்கும்முன் மின்கல அறிக்கையை எடுத்து, தொடக்கக் கொள்ளளவில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று பார்க்க வேண்டும். பயாஸ் கடவுச்சொல் பூட்டு இருக்கிறதா, பழைய நிறுவனத்தின் மேலாண்மைக் கணக்கிலிருந்து கருவி விடுவிக்கப்பட்டிருக்கிறதா என்பனவும் கேட்கப்பட வேண்டியவை. பற்றுச்சீட்டும் சில மாத உத்தரவாதமும் தராத கடையைக் கடந்துபோவதில் இழப்பில்லை. எதை வாங்கினாலும், ஆய்வேட்டின் படி ஒன்று வெளியே தனி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். அதற்கான செலவையும் கணினியின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

இவ்வளவும் மாணவரின் பொறுப்பு. துறைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்கில்லையா? சேர்க்கை விண்ணப்பம் முதல் ஆய்வேட்டின் கருத்துத்திருட்டுச் சோதனை வரை எல்லாம் கணினி வழியே நடக்கின்றன. கணினி வைத்திருப்பது ஆய்வாளராக இருப்பதற்கு எழுதப்படாத தகுதியாகிவிட்டது. எழுதப்படாததாலேயே அதற்குரிய செலவு எவர் கணக்கிலும் சேரவில்லை. தவணையாகக் குடும்பத்தின் தலையில் இறங்குகிறது. குடும்பத்தில் முதன்முதலாக ஆய்வுக்கு வந்தவர் இதைக் கேட்கவும் கூசுவார். அவருடைய கணினி பழுதாகி ஒரு மாதம் முடங்கினால், முன்னேற்ற அறிக்கையில் அது சோம்பலாகவே பதிவாகும்.

இதற்குப் பெருந்திட்டங்கள் வேண்டியதில்லை. ஒரு துறை நல்ல நிலையில் உள்ள ஐந்தாறு சிறிய மடிக்கணினிகளை வாங்கி, நூலகப் புத்தகம் போல ஒரு பருவத்துக்கு இரவல் தரலாம். கணினி பழுதானவருக்கும், உதவித்தொகை வராதவருக்கும், எதை வாங்குவது என்று இன்னும் முடிவு செய்யாதவருக்கும் அது போதும். முதல் பருவத்தை இரவல் கணினியில் கழித்த மாணவர் கடைவீதிக்குப் போகும்போது தம் தேவையைத் தாமே அறிந்திருப்பார். "எவ்வளவுக்குள் வேண்டும்?" என்று கேட்பவரிடம், இன்ன எடை, இன்ன திரை, இவ்வளவு நினைவகம் என்று தயங்காமல் சொல்வார்.