கூரைக்குக் கீழே குட்டி பூதங்கள்

அருப்புக்கோட்டைன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தறிச் சத்தம், மல்லிகைப் பூ, மண்டையைப் பிளக்கிற வெயில். திருச்சுழின்னா? 1879-ல் ரமணர் பிறந்த ஊர். பொது அறிவுக் கேள்விக்கு இது போதும். ஆனா அந்தக் கரிசல் காட்டுக்குள்ள வேற சில விஷயங்களும் ஒளிஞ்சிருக்கு. லீவுல சும்மா இருக்கீங்கன்னா வாங்க, ஒரு ரவுண்டு போகலாம்.

திருச்சுழி திருமேனிநாதர் கோயில் சுந்தரர் பாடிய தலம். வருகிறவர்கள் கும்பிட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவார்கள். நீங்க குண்டாற்றைத் தாண்டுங்க. எதிர்ப்பக்கம் பள்ளிமடம். அங்கே இருக்கும் பழைய சிவன் கோயிலைக் கல்வெட்டு ‘பள்ளிப்படை’ என்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ படிச்சவங்க இப்பவே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீங்க! ஆமாம், இறந்துபோன அரசனுக்காக எழுப்பும் கோயில்தான் பள்ளிப்படை. இது சுந்தரபாண்டியன் பெயரில் அமைந்தது. இதன் சுவர்களில் ‘சோழன் தலைகொண்ட’ வீரபாண்டியனின் 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆதித்த கரிகாலன் கதையில் வரும் அதே வீரபாண்டியன்தான். தஞ்சாவூருக்குப் போய்த்தான் அவனைத் தேடணும்னு இல்லை.

அடுத்தது அருப்புக்கோட்டைப் பக்கம் கோவிலாங்குளம். ஊர் வாயில் அம்பலப்பசாமி. உண்மையில் அது சமண இடம். சமணத் தீர்த்தங்கரர் தலைக்கு மேல் குடைக்கு மேல் குடையாக மூன்று குடை செதுக்குவது வழக்கம். அதனால் கல்வெட்டில் அவருக்குப் பெயர் ‘முக்குடையார்’. முதலாம் குலோத்துங்க சோழனின் 48-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1118. நிழலுக்கு ஒரு மரம் தேட வேண்டிய ஊர்ல சாமிக்கு மூணு குடை!

சரி, சிற்பம்னா நாம எங்கே பார்க்கிறோம்? நேரே கருவறை, அப்புறம் பெரிய தூண். சிற்பி ஜாலியாக விளையாடியதெல்லாம் வேற இடத்துல. கூரையின் வளைந்த விளிம்புக்குக் கபோதம்னு பேர். பல பழைய கோயில்களில் அதுக்குக் கீழே ஒரு நீண்ட பட்டை ஓடும். அதுதான் பூதவரி. தொப்பையும் குட்டைக் காலுமாக பூதகணங்கள் வரிசையா நிற்கும். ஒண்ணு ஆடும், ஒண்ணு சங்கு ஊதும், ஒண்ணு உங்களைப் பார்த்துப் பழிப்புக் காட்டும். கோவில்பட்டி வழியா கழுகுமலைக்குப் போனா வெட்டுவான் கோயில்ல பூதகணங்களைப் பார்த்துடலாம். 8-ஆம் நூற்றாண்டில் ஒரே பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து, அடிப்பகுதியை முடிக்காமலே விட்டுப்போன கோயில் அது. விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். பாடம் நடத்துற வாத்தியார் கையில மிருதங்கம்! இதை நான் ரசிச்ச அளவுக்கு எந்தக் கோபுரத்தையும் ரசிச்சதில்லை.

இந்தக் குறும்பு நம்மூர் சொத்து மட்டும் இல்லை. இங்கிலாந்தில் கில்பெக் என்று ஒரு குக்கிராமம். அங்குள்ள சின்ன தேவாலயம் ஏறத்தாழ 1140-ல் கட்டியது, நம்ம முக்குடையார் கல்வெட்டுக்குச் சற்றுப் பின்னால். அதன் கூரை விளிம்புக்குக் கீழேயும் 80-க்கு மேற்பட்ட கல் முகங்கள். நாயும் முயலும் கார்ட்டூன் மாதிரி பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்கு. இவங்களுக்கு அவங்களைத் தெரியாது, அவங்களுக்கு இவங்களைத் தெரியாது. ஆனா கூரைக்குக் கீழே கொஞ்சம் இடம் கிடைச்சா சிற்பிக்குக் கை சும்மா இருக்கல.

கில்பெக்கைப் பார்க்கக் கடல் தாண்டி ஆட்கள் வருகிறார்கள். நம்ம ஊர்ல? கும்பாபிஷேகம் வந்தா போச்சு. ‘பளிச்’னு இருக்கணும்னு பல கோயில்களில் மணலை அதிவேகத்தில் பீய்ச்சி அடித்தார்கள். அழுக்கோடு கல்லின் மேல்தோலும் போய்விடும். கல்வெட்டு எழுத்து ஆழமாக வெட்டியதல்ல, மேலாகக் கீறியது மாதிரிதான். முதலில் அழிவது அதுதான், அடுத்து பூதத்தின் மூக்கும் விரலும். தப்பிச்சதுக்கு மேல எனாமல் பெயிண்ட், அடியில டைல்ஸ். பழங்கோயில்களைப் பாதுகாக்கச் சொல்லி 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் 75 உத்தரவுகள் போட்டது. ஆனா உங்க ஊர்க் கோயில்ல நாளைக்குக் காலையில மிஷின் வந்து இறங்கினா முதல்ல பார்க்கப்போறது நீதிபதி இல்லை, நீங்கதான். அப்போ கமிட்டிப் பெரியவர்கிட்ட சண்டை வேண்டாம். “ஐயா, இதுல உங்க ஊர்ப் பேர் இருக்கு, வாங்க காட்டுறேன்”னு ஒரு வரியை வாசிச்சுக் காட்டுங்க. தொல்லியல் துறைக்குப் படத்தோடு ஒரு கடிதமும் போடுங்க.

எழுத்தைப் பார்க்க ஒரு டெக்னிக் இருக்கு. மாவு, சாக்பீஸ் எதுவும் தடவாதீங்க. செல்போன் டார்ச்சை நேரா அடிக்காம, சுவரை ஒட்டிப் பக்கவாட்டுல அடிங்க. பள்ளத்துல நிழல் விழுந்து எழுத்து தானா எழுந்து நிற்கும். காலை வெயில் சாய்வா விழும்போது டார்ச்சே வேண்டாம். ஏழு மணி பஸ்ஸைப் பிடிச்சிடுங்க. பத்து மணிக்கு மேல அந்தப் பக்கம் கால் வைக்க முடியாது, பாஸ்!