மூச்சு முன்னே, கை பின்னே

சகோதரிகளே, குடம் தூக்கும்போது உங்கள் மூச்சு என்ன ஆகிறது என்று கவனித்ததுண்டா? கோடை வந்தால் எங்கள் ஈக்காட்டுத்தாங்கலில் லாரித் தண்ணீர் பிடித்து மாடி ஏறும் பெண்களைப் பாருங்கள். குனிகிறோம், 'ம்' என்று மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம், தூக்குகிறோம். 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ! தூளியிலிருந்து குழந்தையை எடுக்கும்போதும், கிரைண்டர் கல்லைத் தூக்கும்போதும் இதே கதைதான்.

மூச்சைப் பிடித்து முக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்குகிற தசைகள் அந்தப் பாரத்தைச் சுமக்கின்றன. பிரசவத்தில் ஏற்கெனவே தளர்ந்துபோன தசைகள் அவை. இருமினால், தும்மினால் சிறுநீர் சொட்டுகிறது என்பதைப் புருஷனிடம்கூடச் சொல்லாமல் வருஷக்கணக்கில் துணி மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் உண்டு. இதில் வெட்கம் என்ன வேண்டியிருக்கிறது? டாக்டரிடம் சொன்னால் வழி இருக்கிறது. வீட்டில் நாம் செய்யக்கூடியது, தூக்கும் நொடியில் மூச்சை மெல்ல வெளியே விடுவது.

சொல்ல எளிது, பழக்கத்துக்கு வர நாளாகும். அதற்குத்தான் மூச்சோடு சேர்ந்த அசைவுகள்.

இந்த வித்தையைப் பரப்பிய பெரியவர் நம் சென்னையிலேயே வாழ்ந்தவர். மைசூர் அரண்மனையில் யோகம் கற்பித்துவிட்டு 1952-இல் இங்கே வந்த கிருஷ்ணமாச்சாரியார் (1888-1989). அவர் பிள்ளை டி.கே.வி. தேசிகாச்சார் இன்ஜினீயரிங் படித்தவர். முதலில் யோகத்தில் நாட்டமில்லை. தூக்கமே வராமல் தவித்த ஒரு நியூசிலாந்துப் பெண்மணி, வைத்தியம் பலித்த சந்தோஷத்தில் ஆசாரமான அந்தப் பெரியவரை வீட்டு வாசலிலேயே கட்டிக்கொண்டாராம்! அதைப் பார்த்துத் திகைத்துப்போய்த்தான் பிள்ளை அப்பாவிடம் பாடம் கேட்க ஆரம்பித்தார். 1976-இல் அவர் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் மந்தைவெளிப் பக்கம் இருக்கிறது. ஆளுக்குத் தகுந்தபடி ஆசனத்தை மாற்றிக் கொடுப்பது அவர்கள் வழக்கம். உடம்பை முறுக்கிக் காட்டுவதெல்லாம் சர்க்கஸுக்கு இருக்கட்டும், பிள்ளை பெற்ற இடுப்புக்கு இதுதான் சரி என்பது என் கட்சி.

முதலில் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். கைகள் மடியில். மூச்சை இழுக்க ஆரம்பித்த பிறகு கைகளை முன்பக்கமாக மெல்ல உயர்த்துங்கள். கை நின்ற பிறகும் ஒரு துளி மூச்சு உள்ளே போகட்டும். இறக்கும்போதும் அப்படியே, முதலில் மூச்சு வெளியே கிளம்பட்டும், பிறகு கை இறங்கட்டும். 6 தடவை போதும். தோள் காதுவரை ஏறுகிறதா, தாடை இறுகியிருக்கிறதா என்று உள்ளுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சக்கரவாகாசனம். பாயில் நாலு காலில் நில்லுங்கள். முட்டி வலிக்காரர்கள் போர்வையை மடித்துக் கீழே போட்டுக்கொள்ளலாம். மூச்சை விட்டபடி வயிற்றை லேசாக உள்ளிழுத்து, பின்பக்கம் குதிகாலை நோக்கிப் போக உட்காருங்கள். இழுத்தபடி முன்னே வந்து மார்பை விரியுங்கள். முட்டி மடங்காவிட்டால் பாதி தூரம் போனாலே போதும். (சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இதைத் தூங்கும் நேரத்தில் செய்யுங்கள். இல்லாவிட்டால் யானை என்று முதுகில் ஏறிக்கொள்ளும்!)

கடைசியில் மல்லாந்து படுத்து, முட்டிகளை மடக்கிக் கைகளால் பிடித்து, மூச்சை விடும்போது வயிற்றுப் பக்கம் கொண்டுவாருங்கள், இழுக்கும்போது தள்ளிவிடுங்கள். இடுப்பு கடுகடுக்கும் சாயங்காலங்களில் இது ரொம்ப இதமாக இருக்கும்.

எப்போது நிறுத்துவது என்கிறீர்களா? மூச்சே சொல்லும். விட்டுவிட்டு வந்தாலோ, வாயால் வாங்க வேண்டியிருந்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான். மூச்சை உள்ளே அடக்கும் பயிற்சிகளைப் புத்தகம் பார்த்து நீங்களாகச் செய்யாதீர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முக்கியமாக. கர்ப்பிணிகளும் சிசேரியன் ஆனவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். கர்ப்ப காலத்தில் அந்த மூன்றாவது வேண்டவே வேண்டாம்.

"எனக்கு ஏது பத்து நிமிஷம்?" என்பவர்கள் முதல் பயிற்சியை மட்டும் நின்றபடியே, பால் காயும் நேரத்தில் செய்யலாம். அடுப்பை சிம்மில் வைத்துவிட்டுக் கண்ணைத் திறந்தபடி செய்யுங்கள்!