ஸ்லோப் வந்துடுச்சு, போதுமா?

ரெண்டாவது ரிவ்யூவுல எங்க டீம்கிட்ட கேட்ட ஒரே கேள்வி, "ஸ்லோப் வந்துச்சா?" துணியில் தண்ணீர் ஊறும் வேகம்தான் எங்க ப்ராஜெக்ட். 30 ரன் ஓட்டி, சராசரி எடுத்து, லாக்-லாக் கிராஃப் போட்டோம். ஸ்லோப் கிட்டத்தட்ட 0.5, தியரி சொன்ன மாதிரியே. "குட், ரிப்போர்ட் எழுதுங்க"ன்னு அனுப்பிட்டாங்க. நாங்களும் நேரா கேன்டீனுக்குப் போயிட்டோம்.

இது போதாது என்று எனக்குப் புரியவைத்தது நம்ம சிலபஸில் இல்லாத ஒரு விஷயம்: குவாண்டம் ஸ்பின் செயின்.

பேரைக் கேட்டு ஓடாதீங்க. வரிசையாக நிற்கும் குட்டிக் காந்தங்கள், ஒவ்வொன்றும் பக்கத்து ஆளோடு மட்டும் பேசும், அவ்ளோதான். 1931-லேயே ஹான்ஸ் பெத்தே இதற்குத் துல்லியமான தீர்வு கண்டுபிடித்தார். இந்த மாதிரி 'இன்டெகிரபிள்' செயினில் எனர்ஜி மட்டுமில்லை, ஏகப்பட்ட அளவுகள் மாறாமலே இருக்கும். அதனால் மற்ற பொருட்கள் மாதிரி எல்லாம் கலந்து பழசை மறந்துவிடாது.

இடது பாதியில் மேல்நோக்கிய ஸ்பின் கொஞ்சம் அதிகமாக வைத்து விட்டுவிட்டால் எப்படிப் பரவும்? ஹீட் டிரான்ஸ்ஃபர் படித்த மூளை உடனே 'டிஃப்யூஷன்' என்கும். அப்படியானால் நேரம் 8 மடங்கு ஆகும்போது தூரம் 2.8 மடங்குதான் ஆகும். தடையில்லாமல் ஓடினால் 8 மடங்கு. எல்லாத் திசையும் சமமான ஹைசன்பெர்க் செயினில், அதிக வெப்பநிலையில், ரெண்டும் இல்லை, 4 மடங்கு! அதாவது நேரத்தின் அடுக்கு 2/3. இதை 2011-ல் மார்கோ ஷ்னிடாரிச் கம்ப்யூட்டர் கணக்கில் பார்த்தார்.

இந்த 2/3-ஐ ஏற்கெனவே வேறு இடத்தில் பார்த்திருக்கிறார்கள். வளரும் பரப்புகளுக்காக 1986-ல் கர்தார், பாரிசி, ஷாங் எழுதிய கே.பி.இசட் சமன்பாட்டில் வருவதும் இதேதான். மெதுவாக எரியும் காகிதத்தின் விளிம்பும் அந்தக் குடும்பம். 2019-ல் பரவலின் வடிவமே கே.பி.இசட் கர்வோடு பொருந்தியது. 2021-ல் பொட்டாசியம் காப்பர் ஃப்ளோரைடு படிகத்தில் நியூட்ரான் சோதனை, 2022-ல் குளிர்ந்த ருபீடியம் அணுக்கள், எல்லாம் அதே பக்கம் கை காட்டின. நானா இருந்தா அங்கேயே ரிப்போர்ட் எழுதியிருப்பேன்.

2024-ல் கூகுள் குழு 46 சூப்பர்கண்டக்டிங் க்யூபிட்டை வைத்து ஒரு செயின் கட்டியது. திரும்பத் திரும்ப ஓட்டி, நடுக்கோட்டைத் தாண்டிய ஸ்பின் எவ்வளவு என்று ஒவ்வொரு ரன்னிலும் எண்ணினார்கள். சராசரி ஓகே. வேரியன்ஸ் ஓகே. அடுத்து ஸ்க்யூனெஸ், குர்டோசிஸ் போட்டுப் பார்த்தால் கே.பி.இசட் பொருந்தவே இல்லை!

2/3 தப்பில்லை, அது இன்னும் அப்படியே நிற்கிறது. அதற்கு நாம் சொன்ன காரணம்தான் விழுந்தது. ஒரே ஸ்லோப்பைத் தரும் வேறு வேறு கதைகள் இருக்கலாம், சராசரியை மட்டும் பார்த்தால் எது நம்ம கதைன்னு தெரியாது.

"யு.ஜி. ப்ராஜெக்டுக்கு இவ்வளவு தேவையா, நேரம் எங்க இருக்கு?"ன்னு என் டீம்லயே கேட்டாங்க. ஹிஸ்டோகிராம் போட எக்செலில் பத்து நிமிஷம் ஆகுமா? ரிவ்யூவில் ஸ்லோப்புக்கு முன்னாடி "தனித்தனி ரன்னைக் காட்டுங்க"ன்னு கேட்கணும். கேட்காவிட்டால் யாரும் காட்ட மாட்டோம், நாங்களே காட்டலையே.

எங்க 30 ரன்ல 4 ரன் மத்ததைவிட ரொம்ப வேகம். சராசரியில் அது காணாமப் போச்சு. துணியோட மடிப்பா, டேப் ஒட்டின விதமா, இன்னும் தெரியல. வைவா அடுத்த வாரம். அந்த 4 ரன்தான் எங்க முதல் ஸ்லைடு.