கொல்லைக் குட்டையின் விளிம்பை மூடுவது வீண் செலவா?

கோவை, திருப்பூர் வட்டாரங்களில் ஆழ்குழாய்க் கிணற்றில் கிடைக்கும் சொற்ப நீரைத் தேக்கி வைத்துப் பாய்ச்சுவதற்காக, வீட்டுக் கொல்லையிலும் தோப்பு ஓரத்திலும் சிறு குட்டை வெட்டி, அதில் பிளாஸ்டிக் விரிப்புப் போடும் வழக்கம் பரவியிருக்கிறது. மற்ற மாவட்டங்களிலும் மழைநீரைச் சேர்க்கவும், வீட்டுத் தேவைக்கு நாலு மீன் வளர்க்கவும் இவ்வாறு செய்கிறார்கள். கசியும் மண்ணில் தண்ணீரை நிறுத்த இது நல்ல வழிதான். ஆனால் பல குட்டைகளில் நீர்மட்டத்துக்கு மேலே ஓரடி, இரண்டடி அகலத்துக்கு விரிப்பு வெறுமனே வெயிலில் கிடக்கிறது. காற்றில் பறக்காமல் இருக்க அதன் ஓரத்தில் நாலு கல்லும் உடைந்த ஓடும் வைத்திருப்பார்கள். அதை மூட வேண்டும் என்றால், “அழகு பார்க்க இது என்ன பட்டணத்து பங்களாவா?” என்று கேட்கிறார்கள். அழகுக்கு மட்டும் என்றால் அந்தச் செலவு வேண்டியதில்லைதான். இங்கே பேச்சு அழகைப் பற்றியது அல்ல.

தண்ணீருக்கு அடியில் கிடக்கும் விரிப்பு எளிதில் கெடுவதில்லை. வெயிலில் கிடக்கும் பகுதிதான் முதலில் கெடுகிறது. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் பாலித்தீனின் பிணைப்புகளை அறுக்கின்றன. இதைத் தாமதப்படுத்தவே கருப்பு விரிப்புகளில் கரித்தூள் சேர்க்கிறார்கள். தாமதம் ஆகுமே தவிர, கேடு நிற்காது. நாளடைவில் விளிம்பு மொரமொரப்பாகி, ஆட்டின் குளம்பு பட்டாலே கீறுகிறது. அந்தக் கீறல் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், பிறகு தண்ணீர் அந்த மட்டத்துக்கு மேல் நிற்காது. அடியில் விரிப்பு புதிதாகவே இருக்க, மேலே ஓரடி கெட்டதற்காக முழு விரிப்பையும் மாற்ற நேர்கிறது. வாங்கும்போது ஐ.எஸ். 15351 தர முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. தரமான விரிப்பையும் வெயிலில் போட்டு வைக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. நனைந்த பிளாஸ்டிக் சரிவில் கால் நிற்காது. பாசி பிடித்துவிட்டால் சொல்லவே வேண்டாம். குட்டையில் தவறி விழும் குழந்தைக்குப் பிடித்து ஏற எதுவும் கிடைக்காது. கன்றும் ஆடும் ஏற முயன்று முயன்று களைத்துப்போகும். நீச்சல் தெரிந்த பெரியவருக்கும் இதே கதிதான், நீச்சல் வேறு, வழுக்கும் சரிவில் ஏறுவது வேறு. பழைய மண் குட்டையில் புல்லாவது கைக்குக் கிடைத்தது. ஊருணியில் படித்துறை இருந்தது. விரிப்புப் போட்ட குட்டையில் அந்தப் பிடியை நாமே செய்து வைக்க வேண்டும்.

தவறு எங்கே தொடங்குகிறது? குழியின் அளவைத் தீர்மானிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. விரிப்பு எவ்வளவு வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. குழியின் நீளத்துடன் ஆழத்தின் இரு மடங்கையும், இரு பக்க விளிம்புக்கான அளவையும் கூட்ட வேண்டும். அகலத்துக்கும் அப்படியே. 20 அடி நீளம், 15 அடி அகலம், 4 அடி ஆழம் உள்ள குழிக்கு உள்ளே மட்டும் 28 அடிக்கு 23 அடி, அதாவது 644 சதுர அடி விரிப்பு பிடிக்கும். விளிம்புக்குப் பக்கத்துக்கு 2 அடி சேர்த்தால் 32 அடிக்கு 27 அடி, அதாவது 864 சதுர அடி. இந்த 220 சதுர அடிக் கூடுதலைப் பார்த்துத்தான் பலரும் மலைத்துப்போய், விளிம்பில் அரை அடி விட்டால் போதும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

கையில் உள்ள பணம் 28 அடிக்கு 23 அடி விரிப்புக்குத்தான் வரும் என்றால், வெட்ட வேண்டிய குழி 20 அடிக்கு 15 அடி அல்ல. 16 அடிக்கு 11 அடிதான். நீர்ப்பரப்பு 300 சதுர அடியிலிருந்து 176 சதுர அடியாகக் குறையும் என்பது உண்மை. கொள்ளளவும் குறையும். இருந்தும், விளிம்பில்லாத பெரிய குட்டையைவிட விளிம்புள்ள சிறு குட்டையே சிறு விவசாயிக்கு ஏற்றது என்று சொல்ல வேண்டும். மானியத்தில் குட்டை அமைப்பவர்கள் திட்டத்தில் சொன்ன அளவை மாற்ற இயலாது. விளிம்புக்கான விரிப்பும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று மண்வெட்டியைத் தொடும் முன்பே பொறியாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த 2 அடியை எப்படிப் பயன்படுத்துவது? கரையின் மேல் அரை அடி சமமாக விரித்து, அதற்கு வெளியே ஓரடி ஆழத்துக்குச் சிறு வாய்க்கால் வெட்டி, விரிப்பை அதில் இறக்கி, அடியில் அரை அடி மடித்து, மண் போட்டுக் கெட்டிக்க வேண்டும். விரிப்பு நழுவாமல் நிற்பது இந்தப் பிடிப்பினால்தான். கரை நான்கு பக்கமும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்பதை, மேஸ்திரி டியூப்பில் தண்ணீர் விட்டுப் பார்ப்பாரே, அந்த முறையில் பார்த்துவிடுவது அவசியம். ஒரு பக்கம் 3 அங்குலம் தாழ்ந்தாலும், எதிர்ப்பக்கத்தில் விரிப்பு எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டேயிருக்கும். மிகுநீர் வெளியேற ஒரே இடத்தில் குழாய் வைத்து வாழைக்கு விடலாம்.

வெறும் மண்ணைச் சரிவில் கொட்டி மூடினால் நிற்காது, முதல் மழைக்கே வழுக்கி அடிக்குப் போய்விடும். 3 அடி கிடைக்கு 1 அடி இறக்கம் என்ற அளவுக்குச் சரிவு படுத்திருந்தால்தான் விரிப்பின்மேல் மண் தங்கும். சிறு குட்டையில் அவ்வளவு இடம் ஏது? அதனால் குழி வெட்டும்போதே, நிறை நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே, ஓரடி அகலத்துக்குச் சுற்றிலும் ஒரு திண்ணை விட வேண்டும். மேற்சொன்ன விரிப்புக் கணக்கு இதற்கும் பொருந்தும், கூடுதல் விரிப்பு தேவையில்லை. திண்ணையில் பழைய சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் கூர் இல்லாத கற்களை அடுக்கினால், கற்கள் நீருக்கு மேல் எழுந்து விளிம்பை மறைக்கும். கல் கிடைக்காத ஊரில் 10 பங்கு மண்ணுக்கு 1 பங்கு சிமெண்ட் கலந்து சாக்கில் கட்டி, நனைத்து அடுக்கலாம். மீன் விடுவதாக இருந்தால், முதலில் நிரப்பிய நீரைப் பத்து நாள் வைத்திருந்து வெளியேற்றிவிட வேண்டும். புதுச் சிமெண்டின் காரம் மீனுக்கு ஆகாது.

பாசனக் குட்டையில் நீர் தினமும் ஏறி இறங்குவதால் திண்ணைக்குக் கீழேயும் விரிப்பு வெயிலில் படும். அங்கே தென்னைநார் வலையைக் கரை வாய்க்காலிலிருந்து தொங்கவிடலாம். அதற்கும் வசதியில்லாவிட்டால், பழைய தார்ப்பாயை இரண்டடிப் பட்டையாக வெட்டி மேலே போர்த்தினாலும் போதும். அது கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பார்வைக்கு நன்றாக இராது, ஆனால் பயன் அதேதான்.

மண்ணால் மூடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். குட்டைக்குள் நனைந்திருக்கும் மண்ணும் வெளியே உள்ள காய்ந்த மண்ணும் கரையின் மேல் ஒன்றோடொன்று தொடும்படி விட்டால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் வெளிமண் நீரை இரவும் பகலும் உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். விரிப்பில் ஓட்டை என்று நினைத்துக் குட்டையை வற்ற வைத்துத் தேடுவார்கள், ஓட்டை இராது. கரையின் உச்சி நீர்மட்டத்துக்கு அரை அடியாவது மேலே இருக்க வேண்டும். உச்சியில் ஒரு வரிசை ஜல்லியோ செங்கல்லோ வைத்து உள்மண்ணையும் வெளிமண்ணையும் பிரித்துவிட வேண்டும்.

திண்ணையில் கற்களின் இடுக்கில் வல்லாரை, பொன்னாங்கண்ணி, நீர்ப்பிரமி ஆகியவற்றை ஊன்றினால், அவை படர்ந்து விளிம்பை மூடிவிடும். வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் அடுப்படிக்கும் உதவும். மருந்தடித்த வயலின் வடிகால் குட்டைக்கு வருமானால் அந்தக் கீரையைப் பறிக்கக் கூடாது. கரைக்கு வெளியே, வாய்க்காலிலிருந்து இரண்டடி தள்ளி வெட்டிவேர் நட்டால் கரை கரையாது. கோரை மட்டும் உதவாது. அதன் முளை ஊசிபோல் விரிப்பைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். குழி வெட்டியதும் கோரைக்கிழங்கைப் பொறுக்கி எடுத்த பிறகே விரிப்பைப் போட வேண்டும். மூங்கிலையும் அருகில் விடலாகாது.

எவ்வளவு நன்றாக மூடினாலும், ஒரு மூலையில் கல்லாலோ மண் சாக்காலோ அடிவரை படி அமைத்துவிட வேண்டும். மற்ற மூன்று பக்கங்களிலும் அடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு, கரையில் அடித்த முளையிலிருந்து அடிவரை தொங்க வேண்டும். நைந்த கயிற்றை அன்றைக்கே மாற்ற வேண்டும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதுவும் போதாது. சுற்றிலும் 4 அடி உயரத்துக்கு ஏற முடியாத வேலியும், தாழ்ப்பாள் போட்ட படலும், குட்டையில் முதல் தண்ணீர் விழுவதற்கு முன்பே இருக்க வேண்டும்.