பாண்டேயாவும் மீனாட்சியும்

அத்திபெலே. நம்ம ஆட்கள் வாயில் இன்னமும் அத்திப்பள்ளிதான். டோல்கேட்டைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் தமிழ்நாடு. ஆனாலும் என்னைப் போன்ற மதுரைக்காரனுக்கு ஊர் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால்!

போன வாரம் மகளுக்குப் பள்ளியில் 'உங்கள் ஊர் வரலாறு' என்று ப்ராஜக்ட். சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பினார். '2300 வருஷத்துக்கு முன்பே கிரேக்கத் தூதர் மெகஸ்தனீஸ் நம் மீனாட்சியைப் பற்றி எழுதியிருக்கிறார்.' சார்ட்டில் எழுதப் போனவள் நிறுத்திக் கேட்டாள், "இது நிஜமாப்பா?"

பாதி நிஜம். மெகஸ்தனீஸின் 'இண்டிகா' இன்று இல்லை. அதிலிருந்து நானூறு ஆண்டுகளுக்குப் பின் ஏரியன் எடுத்தெழுதியதுதான் கையில் இருக்கிறது. ஹெராக்ளிசுக்கு பாண்டேயா என்று ஒரே மகள். அவள் ஆண்ட நாட்டுக்கு அவள் பெயரே. 500 யானை, 4000 குதிரை, 1,30,000 காலாட்படை. படிக்கும்போது எனக்கும் புல்லரித்தது, மறைக்கவில்லை.

ஆனால் ஃபார்வர்டில் வராத சங்கதியும் உண்டு. அந்த ஹெராக்ளிஸே தன் மகளை மணந்தானாம்! அதையும் மீனாட்சி கணக்கில் எழுதச் சம்மதிப்போமா? அதில் வரும் 'மெதோரா' நகரமும் சூரசேனர்களுடையது, அதாவது வடக்கே யமுனைக் கரை மதுரா. தடாதகைப் பிராட்டி கதையைச் சொல்லும் திருவிளையாடற் புராணமோ அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிந்தியது.

இந்த ஆசை நமக்கு மட்டும் இல்லை. நெதர்லாந்தில் ஃபிரிசியர்கள் என்று ஓர் இனம். ஏதென்ஸை நிறுவியதே எங்கள் பெண்தான் என்று சொல்லும் 'ஊரா லிண்டா' புத்தகம் 1872-ல் அச்சானது. பழைய சுவடி என்றார்கள். தாளைப் பார்த்தால் 19-ஆம் நூற்றாண்டு! அதையே 1930களில் ஜெர்மனியில் இனப்பெருமைக்குத் தூக்கிப் பிடித்தார்கள்.

நமக்கு அந்தக் கஷ்டமே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பாண்டியன் தலைநகர் 'மொதுரா' என்று கிரேக்கர் தாலமியே 2-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார். அசோகன் கல்வெட்டில் பாண்டியர் இருக்கிறார்கள். மாங்குளம் குகையில் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. கைநிறைய நிஜம் வைத்துக்கொண்டு எதற்குங்க ஒட்டு வேலை?

ஊரில் இருக்கும் பிள்ளைக்குக் கோயிலும் வைகையும் கண்ணெதிரே. இங்கே வளரும் பிள்ளைக்கு நாம் சொல்வதுதான் மதுரை. அதில் ஒன்று பொய் என்று வகுப்பில் யாராவது காட்டிவிட்டால், மாங்குளத்தையும் சேர்த்துத்தான் சந்தேகப்படும்.

மகள் சார்ட்டில் இரண்டு கட்டம் போட்டாள். 'எழுதியிருப்பது', 'சொல்லப்படுவது'. மீனாட்சி கல்யாணம் இரண்டாவதில், கலர் பென்சிலில், பெரிதாக. சித்தப்பாவுக்குப் படம் அனுப்பியிருக்கிறேன். நீலக்குறி வந்துவிட்டது, பதில்தான் வரவில்லை :-)