கொட்டை உடைக்கும் கைக்கு உரிய விலை

ஆர்கன் எண்ணெய் சேர்த்த ஷாம்பு இப்போது நம் மளிகைக் கடை வரை வந்துவிட்டது. அந்தப் பெயரை வைத்து விற்பவர்கள் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். அந்த எண்ணெய்க்காகக் கொட்டை உடைக்கும் பெண்களுக்குச் சேர வேண்டிய பங்குதான் சேரவில்லை. செக்கு ஓட்டிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவள் நான். எண்ணெய் விலையைப் பற்றிப் பேசும்போது, அதற்குப் பின்னால் உள்ள உழைப்பைப் பேசாமல் விட எனக்கு மனம் வராது.

ஆர்கன், தென்மேற்கு மொரோக்கோவின் முள்மரம். நம் இலுப்பையும் சப்போட்டாவும் இதே தாவரக் குடும்பம்தான். அகாதிர், எஸ்ஸவீரா பகுதிகளின் வறண்ட மண்ணில் ஆழ வேர்விட்டு, பாலை பரவாமல் தடுத்து நிற்கிறது. இந்த மரக் காட்டை 1998-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. 2014-இல் இந்த மரம் சார்ந்த கைத்திறனையும் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அந்தக் கைத்திறன் அப்பகுதியின் அமாசிக் இனப் பெண்களுடையது. எஸ்ஸவீரா பக்கம் ஒரு கூட்டுறவில் அதை நேரில் பார்த்தேன். காய்ந்த பழத்தின் தோலையும் சதையையும் உரித்து ஆட்டுக்குப் போடுகிறார்கள். கொட்டையைக் கல்மேல் நிறுத்தி இன்னொரு கல்லால் ஓங்கி அடிக்கிறார்கள். குறி தப்பினால் விரல் நசுங்கும். உடைந்த ஓடு அடுப்பெரிக்கப் போகிறது. சமையலுக்கு என்றால் பருப்பை வறுத்தும், தோலுக்கும் முடிக்கும் என்றால் வறுக்காமலும் திரிகையில் அரைக்கிறார்கள். விழுதில் வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசையப் பிசைய எண்ணெய் பிரிகிறது. புண்ணாக்கு மாட்டுக்கு. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 30 கிலோவுக்கும் மேல் பழம் வேண்டும்.

நாம் தலைக்குத் தடவுவதாக மட்டும் அறிந்த இந்த எண்ணெய் அவர்களுக்கு முதலில் உணவு. காலையில் ரொட்டியை அதில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். கூஸ்கூஸ் மீது ஊற்றுகிறார்கள். வறுத்த பாதாமும் தேனும் கூட்டி அரைத்த ‘அம்லு’வை விருந்தாளிக்கு வைக்கிறார்கள். இன்றோ வெளிநாட்டுத் தேவையால் விலை ஏறி, உள்ளூர் வீடுகளிலேயே அதை அளந்து செலவழிக்க வேண்டியிருக்கிறது.

பல இடங்களில் திரிகையின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. கொட்டை உடைப்பது இன்னும் கைவேலைதான். கூலி குறைவாக இருப்பதும் அதற்குத்தான். இடைத்தரகர்கள் பழத்தையும் பருப்பையும் மலிவாக வாங்கிக்கொள்கிறார்கள். எண்ணெய் பீப்பாயில் கப்பலேறி, வேறு நாட்டில் சிறு குப்பிகளில் அடைபட்டு, பல மடங்கு விலைக்கு விற்கிறது.

இதை மாற்ற முடியும். ரபாத் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் சுபைதா ஷரூஃப் 1996-இல் தமனார் என்ற ஊரில் முதல் பெண்கள் ஆர்கன் கூட்டுறவைத் தொடங்க வழிசெய்தார். கைம்பெண்களும் மணமுறிவு பெற்றவர்களும் அங்கே முதன்முறையாகச் சொந்தச் சம்பளம் வாங்கினார்கள். அதே நேரம், கூட்டுறவு என்று பலகை மாட்டிய கடையெல்லாம் பெண்களுக்குச் சொந்தமானதல்ல என்பதையும் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்மால் ஆவதும் உண்டு. குப்பியின் பின்புறம் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். அதிகம் உள்ள பொருள்தான் முதலில் வரும். ‘ஆர்கானியா ஸ்பினோசா’ என்ற ஆர்கனின் தாவரவியல் பெயர் வாசனைப் பொருளுக்கும் பின்னால் கடைசியில் நின்றால், நீங்கள் காசு கொடுப்பது பெயருக்கு மட்டுமே. அதை வாங்காதீர்கள். உண்மையான எண்ணெய்தான் வேண்டும் என்றால், எந்தக் கூட்டுறவு எடுத்தது, எங்கே அடைத்தது என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத விற்பனையாளருக்கு அந்த விலையைக் கேட்க உரிமை இல்லை.