ஆள் விழுந்தால் எந்தப் பட்டன்?

‘கொடுத்த கையேட்டையே இவர்கள் படிப்பதில்லை; எளிமையாக்கி என்ன ஆகப்போகிறது?’ என்று எழுதியிருக்கிறார், சென்னை காசிமேட்டில் ஜிபிஎஸ்ஸும் எக்கோ சவுண்டரும் விற்கும் வியாபாரி ஒருவர். தனக்குச் சோறு போடும் மீனவனைச் சோம்பேறி என்கிறார். அவர் விற்ற ஜிபிஎஸ் கருவியின் கையேட்டை நான் படித்துப் பார்த்தேன்.

விசைப்படகு ஒன்றின் வீல் ஹவுஸில் அது உறை பிரிக்காமல் கிடந்தது. டிரைவர் அண்ணனைக் கேட்டுப் பிரித்தேன். கடலில் ஆள் விழுந்தால் அந்த இடத்தை ஒரே அழுத்தில் பதிந்துகொள்ள அந்தக் கருவியில் ஒரு பட்டன் உண்டு. அதற்கான விளக்கம் ஆன்டெனா, திரை வெளிச்சம், அலாரச் சத்தம் எல்லாம் கடந்து எண்பது பக்கத்துக்கும் பின்னால் வருகிறது, பொடி எழுத்து ஆங்கிலத்தில். கூடவே செருகியிருந்த தமிழ்த் தாள், ‘மேற்பலகை மனிதன் செயற்பாட்டினைச் செயற்படுத்துக’ என்கிறது. இதைப் படிக்காதவனா சோம்பேறி? இப்படி எழுதி அச்சடித்தவன் யார்? இருபத்தைந்து வருஷம் கடலில் கிடந்த அந்த மனிதருக்கு அப்படியொரு பட்டன் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜனங்கள் கையேட்டைப் பொறுமையாகப் படிப்பதில்லை என்பதை 1980களிலேயே ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஜான் கேரல் கண்டுகொண்டார். அவர் யாரையும் ஏசவில்லை, கையேட்டை வெட்டினார். பக்கங்கள் ஏறக்குறையப் பாதியாயின. கற்றுக்கொள்ளும் நேரம் 40 சதவீதம் குறைந்தது.

எளிமையாக்கினால் துல்லியம் கெடும் என்கிறார் அந்த வியாபாரி. 2010 முதல் படகுகளுக்கு ஆபத்து அறிவிப்புக் கருவி தரும் இஸ்ரோவுக்கு அந்தப் பயம் இல்லை. அதன் இரண்டாம் தலைமுறைக் கருவியைச் செல்போனோடு இணைத்தால், செயற்கைக்கோள் வழியே வரும் தகவலை மீனவர் தன் மொழியிலேயே படிக்கலாம். அவர்களுக்கு முடிந்தது, நாலு வரி எழுத இவருக்கு முடியவில்லையா?

யூட்யூப் இருக்கிறது என்றும் சொல்கிறார். நாற்பது மைல் தள்ளிப் போனால் டவர் ஏது? ராத்திரி வலை இழுக்கும்போது ஆள் தவறினால் வீடியோ தேடிக்கொண்டிருப்பதா?

தீங்கைத் தவிர்க்கப் போதிய பயன்பாட்டு விளக்கம் தராத தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். விளக்கம் தருவது தர்மமல்ல, கடமை. கருவிக்குக் கொடுத்த காசில் அதுவும் சேர்த்தி.

நான் இறங்கும்போது டிரைவர் அண்ணன் பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி, மார்க்கரால் எழுதிப் பட்டனுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்தார். புதிதாக வேலைக்கு வந்த பையன் எட்டிப் பார்த்து, எழுத்துக்கூட்டி வாசித்தான்: ‘ஆளு வுழுந்தா இத்த அமுக்கு.’